சிவப்பு மை தீர்ந்த ஞாயிறு

பிரிண்டரில் மை காலியான கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவன் என் கணக்கில் முட்டாள். மேலே இருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் மூன்று ஓட்டைகள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். மையை ஊசியில் உறிஞ்சி, உள்ளிருக்கும் பஞ்சு குடிக்கக் குடிக்க மெதுவாக இறக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. நாகல் நகரில் வீட்டிலிருந்தே பயோடேட்டாவும் வாடகை ஒப்பந்தமும் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று பெருமையடித்துத் திரிந்தவன்.

தம்பி ஈஸ்வருக்கு வயது இருபத்தாறு. புத்தி ஆறு வயதோடு நின்றுவிட்டது. அப்பா அம்மா போனபிறகு என்னோடும் என் மனைவி சுகன்யாவோடும் இருந்தான். அவனுக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று ஆடு. இன்னொன்று, தீபாவளிக்குச் சுகன்யா எடுத்துக் கொடுத்த சிவப்புச் சட்டை. அதைத் துவைக்கக் கேட்டால் வீடு ரெண்டாகிவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணவில்லை. அன்றும் அந்தச் சட்டைதான்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலை நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தேன். அதே சட்டையில் எடுத்த தீபாவளிப் படத்தைப் போட்டேன். மேலே 'காணவில்லை', கீழே பெயர், வயது, என் செல் நம்பர்.

"சட்டை கலரையும் எழுதிருங்க," என்றாள் சுகன்யா.

"அதான் படத்துலயே தெரியுதுல்ல. எழுத்தக் கூட்டுனா படம் சிறுசாயிரும்."

மை நிரப்பும்போது பார்த்தால், சிவப்பு பாட்டிலில் அடிவண்டல்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊசியில் ஏற்றினேன். முதல் தாளில் தம்பியின் சட்டை மாம்பழ நிறத்தில் வந்தது. முகமும் மஞ்சள் பூத்திருந்தது.

"என்னங்க இது, மஞ்சச் சட்டையா வந்துருக்கு? நாளைக்குக் கடை தொறக்கவும் நல்ல மை வாங்கி அடிப்பமே."

"ஆளத் தேடுறோமா, சட்டையத் தேடுறோமா? மூஞ்சி தெரியுதுல்ல, பேசாம இரு."

பயம் என்னை விரட்டியது உண்மைதான். ஆனால் என் கைவேலையை அவள் குறை சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் மறைக்க மாட்டேன். அறுபது தாள் அடித்தேன்.

பஸ் ஸ்டாண்ட், பேகம்பூர், வேடசந்தூர் ரோடு என்று ஒட்டிக்கொண்டே போனேன். ஆட்டைக் கண்டால் நின்றுவிடுவானே என்று அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கும் போனேன். சந்தை கூடுவது வியாழக்கிழமை என்பதால் திடல் வெறிச்சோடிக் கிடந்தது. பூட்டியிருந்த டீக்கடை ஒன்றின் எதிரே இருந்த கம்பத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை போலீஸ் கூப்பிட்டது. அய்யலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் லாரி அடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினார்கள். முகம் முகமாக இல்லை. சட்டையை வைத்துத்தான் என் தம்பி என்று சொன்னேன்.

எரித்துவிட்டு வந்த நாலாம் நாள், மனசு கேட்காமல் மறுபடி அய்யலூர் போனேன். அந்த டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரி பேச்சாயி, என் செல்லில் இருந்த படத்தைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பிள்ளையா? திங்கக்கெழமையில இருந்து ரெண்டு நாளு இங்கனதானப்பா கெடந்துச்சு. வியாழக்கெழம ஆடு வரும்னு சொன்னேன், அதுக்குத்தான் காத்திருந்துச்சு. சோறு நாந்தான் போட்டேன். புதங்கெழம வெள்ளனயே ஒரு ஆட்டு வண்டி போகவும் அது பின்னாலயே ஓடிருச்சு. வீடு வந்து சேந்துருச்சாப்பா?"

கம்பத்தில் என் நோட்டீஸ் கிழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கைகாட்டினேன்.

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி. சாடையப் பாத்துட்டு, 'ஏலே அப்பு, இது நீயாடா'ன்னு கேக்கத்தான் செஞ்சேன். கிட்டப் போயி செத்த நேரம் உத்து உத்துப் பாத்துச்சு."

"என்ன சொன்னான்?"

"'நான் இல்ல, என் சட்ட செவப்பு'ன்னு சட்டைய இழுத்துக் காட்டுச்சு. அம்புட்டு உறுதியாச் சொல்லவும், நானும் வேற ஆளுன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்தேன். பிரிண்டர் பக்கத்தில் புது சிவப்பு மை பாட்டில் ஒன்று இருந்தது, மூடி திறக்காமல்.

"பதினாறாம் நாள் பத்திரிகைக்கு வாங்கியாந்தேன். தம்பி படம் நல்லா வரட்டும்," என்றாள் சுகன்யா.

பேச்சாயி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.