நாலு வயிற்றுக்கு நாலு பூசணி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் சோற்றைப் பூசணிக்காயில் மறைத்தேன். வேறு வழி? விருந்துக்கு வருகிறவர் என் நாத்தனார், கறி தொடமாட்டார். அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்பேன். அவருக்குச் சர்க்கரை, சோறு ஆகாது. என் வீட்டுக்காரருக்கோ கறி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. எனக்கு மதியச் சோறு மீந்திருந்தது.

சின்னச் சின்னப் பூசணிக்காய் நாலு வாங்கி, தலையைச் சீவி, விதையை வழித்தேன். நாத்தனாருக்குக் கீரையும் கடலையும், அண்ணனுக்குக் காளானும் பயறும், இவருக்குக் கொத்துக்கறி, எனக்குச் சோறு. காய் ஒன்றுதான், யாருக்கு எது ஆகுமோ அது உள்ளே, சத்துக்கும் குறைவில்லை. சீவிய தலைகளையே மூடியாக வைத்தேன்.

இத்தனை பாடும் எதற்கு? அக்காவும் தம்பியும் போன வருஷத்திலிருந்து பேசுவதில்லை. அக்கா போட்ட புதுக் கூரை ஒழுகும் என்றார் இவர். ஒழுகிவிட்டது. சொன்னது ஒரு தப்பு, பலித்தது அதைவிடப் பெரிய தப்பு. இன்றைக்கும் பேசாவிட்டால் இனிப் பேசவே மாட்டார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வலக்கோடியில் இருப்பது நாத்தனாருடையது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்லாமல், தட்டை ஓவனுக்குள் வைக்கச் சொல்லி இவரிடம் கொடுத்தேன். பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிற மனுஷன். எதைக் கண்டாலும் பெரிசு சிறிசு பார்த்து அடுக்காமல் கை சும்மா இருக்காது. வெந்ததை இவரே ஆளுக்கொரு தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்தபிறகுதான் கவனித்தேன். வரிசை மாறியிருந்தது.

"ஏங்க, கறி எதுல இருக்கு?"

இவர் நாலு மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறியா?" என்றார் நாத்தனார் என்னைப் பார்த்து. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறகு அவர் முகம் நேராகத் தம்பி பக்கம் திரும்பியது.

"மாத்தி அடுக்குனியாடா?"

"பெருசு உனக்கு வரட்டும்னு பாத்தேன்க்கா."

நாத்தனார் தன் முன்னால் இருந்த பெரிய காயின் மூடியைக் கரண்டியால் தள்ளினார். கொத்துக்கறி வாசனை மேசை முழுக்கப் பரவியது. அண்ணன் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்.

"எனக்குன்னு பாத்துப் பாத்து வச்ச லட்சணமாடா இது?" என்று நாத்தனாரே சிரித்துவிட்டார். காயைத் தட்டோடு தம்பி பக்கம் நகர்த்தினார்.

"நீயே சாப்பிடுடா. ரொம்ப எளைச்சுப் போயிட்ட."

இவரால் உடனே சாப்பிட முடியவில்லை.