மொட்டைமாடி ஒத்திகை

அந்த ஒரு மேகம் மட்டும் வந்து நிற்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அரிசி வெந்திருக்கும், வானத்தில் எவ்வளவு இடம் கிடக்கிறது, டாலிகஞ்ச் பக்கம் போகலாம், பெஹாலா பக்கம் போகலாம், ஆனால் அதற்கு லேக் கார்டன்ஸில் இந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு நேர் மேலேதான் நிற்கத் தோன்றுகிறது... ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது, நாற்பத்தொன்பது வயதில் ஒரு மேகத்தோடு மல்லுக்கு நிற்கிறோமே என்று. மொட்டைமாடியின் நடுவில் சூரிய அடுப்பு, பார்ப்பதற்குப் பழைய தகரப் பெட்டி மாதிரி இருக்கும், மூடியின் உள்பக்கம் பதித்த முகக்கண்ணாடி வெயிலை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும், உள்ளே கறுப்புப் பாத்திரத்தில் நாலு பேருக்கான அரிசி, பத்தரை மணிக்கு வைத்தது, இப்போது பன்னிரண்டரை. காலை ஆறு மணிக்கு வீட்டின் மெயின் ஸ்விட்ச்சை அணைத்தாயிற்று, மாலை ஆறு வரை மின்சாரம் இல்லை, கேஸ் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, போன் இல்லை. ஜார்கிராமுக்கு அப்பால் கம்பியும் குழாயும் போகாத, வாங்க நினைக்கிற அந்தச் செம்மண் நிலத்தில் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே இருந்து பார்ப்பது, ஒத்திகை மாதிரி. யோசனை அவளுடையது. நாள் மட்டும் அவள் கணவன் கிரிதர் குறித்தது. “ஜனவரியில பண்ணினா அதுக்குப் பேர் பிக்னிக், ஜலஜா. பாத்ரோல பண்ணு, பாக்கலாம்” என்றான். பாத்ரோ என்றால் நம் ஆவணி, அந்த வெயிலில்தான் பனம்பழம் பழுக்கும் என்பார்கள் இந்த ஊர் வங்காளிகள், பழுக்கட்டும், கூடவே இந்த அரிசியும் கொஞ்சம் பழுக்கட்டுமே...

அவன் அந்த மாதத்தைச் சொன்னதே வேண்டாம் என்பதற்கு இன்னொரு வழிதான், அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருஷமாக அவன் சொல்லாத வேண்டாமா. துறைமுக அலுவலகத்தில் இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கிறது, இப்போது விட்டால் பென்ஷன் குறையும், அப்பாவுக்கு இன்சுலின் இருக்கிறது, மேக்னாவுக்குக் காலேஜ் இருக்கிறது, பாதி ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது... ஒவ்வொன்றாக அவன் எடுத்து வைப்பான், ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும், பதில் சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உயரும், முகம் சிவக்கும், அப்போதெல்லாம் தான் எவ்வளவு தைரியசாலி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறாள், செம்மண் எப்படி உண்டாகிறது என்று எத்தனை முறை போர்டில் எழுதியிருப்பாள், அதைக் கையில் அள்ளியது போன வருஷம்தான், மஹாதோ பாபுவின் நிலத்தில், சால மரங்களின் ஓரத்தில், உள்ளங்கை முழுக்கச் சிவப்பு, ரயிலில் திரும்பி வரும்போது கை கழுவவே மனம் வரவில்லை. அந்த மஹாதோதான் இன்று ராத்திரிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார், பெஹாலாக்காரர் ஒருவர் அங்கே ரிசார்ட் கட்டக் காத்துக்கொண்டிருக்கிறாராம். இன்று ராத்திரிக்குள். இரண்டு வருஷம் எங்கே போயிற்று...

ஆனால் ஆசை வந்தது நிலத்தைப் பார்த்தபோது இல்லை, அதற்கும் முன்னால், ஆம்பன் புயலின்போது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக்கூடிய விஷயமா அது? ஏரிக்கரை மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன, ஐந்து நாள் மின்சாரம் இல்லை, ஊரே திட்டிக்கொண்டிருந்தது, தெருமுனையில் ஜனங்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், எத்தனை பேருக்கு வீடே போயிற்று... அவளோ இதே மாடியில் நின்று, சந்தோஷமாக இருந்தாள். வெட்கங்கெட்ட சந்தோஷம். மின்விசிறிச் சத்தம் நின்ற வீட்டில் மாமனார் தனக்குத்தானே பாடிக்கொள்வது முதல் முறையாகக் காதில் விழுந்தது, கலியாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் அவர் பாடுவார் என்றே அவளுக்குத் தெரியாது. பதினோரு வயது மேக்னா அவள் மடியில் தலை வைத்து நட்சத்திரங்களை எண்ணி, நூற்றுப்பதினாறில் தூங்கிப்போனாள். கிரிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய காலண்டர் அட்டையால் மூன்று பேருக்கும் விசிறிக்கொண்டே இருந்தான். ஆறாம் நாள் விளக்கெல்லாம் எரிந்தபோது தெருவே ஆரவாரம் செய்தது, அவளும் கை தட்டினாள், தட்டும்போதே உள்ளுக்குள் என்னவோ அணைந்தது. அந்த ஐந்து நாளை எப்படியாவது திரும்பப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது, அது பெரிய ஆசையா? ஒருவேளை விளக்கு எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்திருந்ததால்தான் இருட்டு அவ்வளவு அழகாக இருந்ததோ... சே, மேகம் நகர்கிறது, அதைப் பார்.

மேகம் நகர்ந்தது, மாடி முழுக்க வெயில் கொட்டியது, கண்ணாடி மூடி பளீரென்று மின்னியது, அவள் “அப்பா, வெயில்! வெயில்!” என்று கத்தியேவிட்டாள், ஏதோ வீட்டுக்குச் சம்பந்தி வந்துவிட்ட மாதிரி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் சௌந்தரராஜன் குடையை ஆட்டி அதை ஆமோதித்தார், குடை காக்கைகளுக்காக, அடுப்புக்குக் காவல் அவர்தான். எழுபத்தெட்டு வயது, பெயிண்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் தெர்மாமீட்டரோடு குடித்தனம் நடத்தியவர், காலையிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய இன்சுலினையெல்லாம், எல்லாருக்கும் அண்ணியான எதிர் ஃப்ளாட் சுக்லா பௌதியின் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் அவள் மெயினை அணைக்க விட்டாள், அவரானால் ஏழு மணிக்கே போய், தினம் போட்டுக்கொள்ளும் ஊசிப் பேனாவை மட்டும் வாங்கி வந்து, ஒரு மண் சட்டிக்குள் இன்னொரு மண் சட்டி வைத்து, நடுவில் ஈர மணல் கொட்டி, மேலே ஈரத்துணி போர்த்தி, அதற்குள் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டார். “என்னப்பா இது, விளையாடற விஷயமா?” என்று அவள் பதறினாள். “இருபத்தேழு காட்டறது பார். பிரிச்ச பேனாவுக்கு முப்பதுக்குள்ள இருந்தா போறும், ஒரு மாசம் தாங்கும்னு மருந்துக் கம்பெனிக்காரனே சீட்டில அச்சடிச்சிருக்கான். புது டப்பாவெல்லாம் பௌதி கிட்டதான் இருக்கு, நான் என்ன அசடா?” என்றார். “அங்கே எதிர் வீடு ஏதுப்பா, பௌதி ஏது?” “சோலார் தகடு போட்டா ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் ஓடாதா? நீதானேம்மா ரெண்டு வருஷமா சொல்லிண்டிருக்கே” என்று அவளுடைய பதிலையே எடுத்து அவளிடம் நீட்டினார், அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு ஏனோ கை வரவில்லை, தகட்டின்மேல் இதே மாதிரி ஒரு மேகம் மூன்று நாள் நின்றால்? மழைக்காலத்தில் நிற்காதா? இந்தக் கேள்வி கிரிதருடையதல்லவா, இது எப்படித் தன் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது...

கிரிதர் தண்ணீர் கொண்டுவந்த அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. காலை ஏழரைக்குத் தெருக்கோடி டியூப்வெல்லில் இரண்டு வாளி அடித்து, பனியன் பிழிந்து எடுக்கிற மாதிரி நனைந்து, லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தான், துறைமுகத்தில் அவன் அறைக்குள் நுழைய மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டும். கிளப் வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆட்டத்தை விட்டு எழுந்து, “கீ ஹோலோ தாதா, பம்ப் கராப்?” என்று விசாரித்தார்களாம், பம்ப் கெட்டால் இப்போதே ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம், இவன் வாளியைக் கீழே வைத்து, மூச்சு வாங்கி, “நா, ப்ராக்டிஸ் கொர்ச்சி” என்றிருக்கிறான், இல்லை, ப்ராக்டிஸ் செய்கிறேன் என்று. எதற்கு ப்ராக்டிஸ் என்று அவர்கள் கேட்கவில்லையாம், இந்த ஊரில் யாரும் எதற்கும் ப்ராக்டிஸ் செய்யலாம், அப்படிப்பட்ட ஊர்தான் இது. அதற்குப் பிறகு அவன் மூன்று நடை போனான், கேட்காமலே போனான். நாலாவது நடையில் சீட்டி அடித்துக்கொண்டு படியேறினான். முகம் சுளிப்பான், பதினோரு மணிக்குள் ஸ்விட்ச்சைப் போடு என்பான் என்று அவள் காத்திருந்தாள், ஆனால் அவனோ தோள்பட்டையைத் தடவிவிட்டுக்கொண்டு, “இந்தத் தண்ணி கொஞ்சம் இனிக்கறது, பாத்தியா?” என்றான். தண்ணீரில் இரும்பு வாடைதான் அடித்தது, அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேக்னா மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்தாள், பதினேழு வயது, தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டு ஒரு பென்சிலைச் சொருகியிருந்தாள், “மா, கொரொமே மொரே ஜாச்சி” என்று வெக்கையில் செத்துக்கொண்டிருக்கிற குரலில் சொன்னாள், ஆனால் காலையிலிருந்து நாலு பக்கம் படம் வரைந்திருக்கிறாள், தாத்தாவின் குடை, காக்கை, கொடியில் காயும் பௌதியின் புடவை. அருகில் வந்து, அம்மாவின் காதோரம் குனிந்து, “அரிசி டப்பாக்குள்ள போன் இருக்கு. நூறு பர்சென்ட் சார்ஜ். கூடவே பவர்பேங்க். பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஒரு டிரம் தண்ணி. ஃபிளாஸ்க்ல வெந்நீர். அப்பாகிட்ட சொல்லவா?” என்றாள். ஜலஜாவுக்குக் காது வரை சூடேறியது. “ஏய், சத்தம் போடாதேடி. தாத்தாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா...” “பத்து புச்கா. நாளைக்கு, ஏரிகிட்ட. புளித்தண்ணி தனியா.” “சரி, பானிபூரிதானே, தொலை.” மேக்னா சிரித்துக்கொண்டே போய்த் தாத்தாவின் குடைக்குள் நுழைந்தாள். அடுத்த வருஷம் இவள் காலேஜுக்கு எங்கேயோ போய்விடுவாள், சென்னையோ டெல்லியோ, இவளுக்கு நிலத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை, லீவுக்கு வந்து படம் வரைவாள், அது சரி... நான் ஏன் காலை ஐந்து மணிக்குத் திருடி மாதிரி எழுந்து டிரம்மை நிரப்பினேன்? யார் கேட்டார்கள்? கிரிதர் தன் போனை நேற்று ராத்திரியே அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான், டார்ச்சைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் மூத்த பயந்தாங்கொள்ளி என்று அவள் பேர் வைத்திருந்த ஆள், வெறுங்கையோடு இறங்கிவிட்டான்.

இரண்டே முக்காலுக்குப் பாத்திரத்தைத் திறந்தார்கள், நாலு தலையும் ஒன்றாகக் குனிந்தன, ஆவி முகத்தில் அடித்தது, சௌந்தரராஜன் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, நீதிபதி மாதிரி சற்று நிறுத்தி, “பாஸ்” என்றார். மேக்னா கூவினாள். ஓரத்தில் கொஞ்சம் குழைந்தும் நடுவில் கொஞ்சம் விறைத்தும் இருந்த சாதம், அதில் தயிரை ஊற்றி, உப்பு போட்டு, எலுமிச்சை ஊறுகாயோடு, தொட்டியின் நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே லோக்கல் ரயில் போய்க்கொண்டிருந்தது. சுக்லா பௌதி புடவையை எடுக்க வந்தவள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றபடியே ஒரு கவளம் வாங்கிக்கொண்டு, சூரியன் சமைத்தால் உப்பு குறைகிறது என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள். வியர்வை கண்ணில் இறங்கியது, காற்று துளிக்கூட இல்லை, இதைவிட சந்தோஷமான ஒரு மத்தியானம் தன் வாழ்க்கையில் இருந்ததா என்று ஜலஜா தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அந்த ஐந்து நாள் திரும்பி வந்தேவிட்டது, கேட்டது கிடைத்தேவிட்டது, மாமனார் வாய்க்குள் எதையோ முனகிப் பாட ஆரம்பித்திருந்தார்...

கிரிதர் தட்டை வழித்து, விரலை நக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான், “ஆறு மணிக்கு மஹாதோவுக்குப் போன் பண்ணிச் சரின்னு சொல்லிடலாம், ஜலஜா. வேலையை விடறேன்னு நான் நாளைக்கே லெட்டர் எழுதறேன். ஆறு வருஷம் கழிச்சு எனக்கு வாளி தூக்கத் தோள் இருக்குமோ என்னமோ.” மேக்னா “ஓஓஓ” என்றாள். மாமனாரின் பாட்டு நின்றது, பிறகு பலமாகத் தொடர்ந்தது. “ஏன்னா, நிஜமாவா?” என்றாள் ஜலஜா. “பின்னே? ரெண்டு வருஷம் நீ சொன்னதெல்லாம் நிஜந்தானே?” என்று அவன் சிரித்தான், பல்லில் ஊறுகாய்த் தோல் ஒட்டியிருந்தது, அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு அழுகை வரும்போல சந்தோஷமாக இருந்தது, எட்டிப் பிடித்து அவன் கையை அழுத்தினாள், அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே கால் ஒரு படி இறங்கி அடுத்த படியைக் காணாத மாதிரி... என்ன இது? இதைத்தானே கேட்டாய்? அவன் சொன்ன ஒவ்வொரு வேண்டாமின் மேலும் முதுகைச் சாய்த்துக்கொண்டல்லவா இரண்டு வருஷம் வேண்டும் வேண்டும் என்று கத்தினாள், விழ மாட்டோம் என்று தெரிந்து, எவ்வளவு சௌகரியமான சுவர் அது, அதை இந்த மனுஷன் தயிர் சாதத்தோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டானே... மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். “என்ன, பேச்சையே காணோம்?” என்றான் கிரிதர். “சிரிப்பு வர்றது, இருங்கோ” என்றாள், உண்மையாகவே வந்தது, அடக்க முடியவில்லை, மேக்னாவுக்கும் தொற்றிக்கொண்டது, ஏன் என்று தெரியாமல் மாமனாரும் குடையைத் தட்டிச் சிரித்தார். இன்சுலினை யார் எடுத்துச் சொல்வது இனிமேல், மழையை யார், ராத்திரி நெஞ்சு வலியை யார்... மூன்றேகால் மணி, ஆறுக்கு இன்னும் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல இந்த வீட்டில் இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, அவளோ இங்கே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாதத்துக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.