ஐம்பத்தோராவது சொல்

இன்ஸ்பெக்டர் ஐயாவின் மண்டைக்குள் நூற்று இருபத்தெட்டு மின்முனைகள் இருந்தன; ஆனால் “வேண்டாம்” என்று சொல்ல ஒரு வழி இல்லை. இந்தக் கூத்தைக் கண்டுபிடித்தது டாக்டருமில்லை, என்ஜினியருமில்லை. ஐயாவின் மனைவி.

ஐயா ஓய்வுபெற்ற மின் இன்ஸ்பெக்டர். முப்பது வருஷம் புதுக் கட்டடங்களில் ஏறி இறங்கி, “வயரிங் சரியில்ல, கனெக்‌ஷன் கிடையாது” என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போனபிறகு அவருடைய தலையிலேயே வயரிங் செய்துவிட்டார்கள். மூளையின் மேற்பரப்பில் மெல்லிய தகடு, உச்சந்தலையில் பிளக். ஆறு மாத ஆராய்ச்சி என்று சொல்லி மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

தினமும் காலையில் அந்தப் பிளக்கில் கேபிளை மாட்டுவது டெக்னீஷியனின் வேலை. அவளை வார்டே வயரக்கா என்றுதான் கூப்பிடும். ஐயா ஒரு சொல்லைச் சொல்ல முயன்றால் திரையில் அலைகள் எழும்பும். பட்டியலில் இருக்கும் ஐம்பது சொற்களில் அந்த அலைக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவோ, அதைக் கம்ப்யூட்டர் செய்தி வாசிப்பவர் குரலில் படிக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரியாக வருகிறது என்று ஆராய்ச்சி டைரக்டர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே தொண்ணூத்திநாலு.

ஆறு மாதம் முடியப் போகிற திங்கட்கிழமை டைரக்டர் வந்து கட்டிலருகே குனிந்தார். “ஐயா, இன்னும் ஒரு வருஷம் நம்மகூட இருக்க உங்களுக்குச் சம்மதமா?”

அலைகள் துள்ளின. “ரொம்ப சந்தோஷம்,” என்றது கம்ப்யூட்டர்.

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். “வெள்ளிக்கிழமை அனுமதிக் கமிட்டி முன்னாடி இதையே ஒரு தடவை சொல்லிட்டார்னா முடிஞ்சுது,” என்று மனைவியிடம் சொன்னார்.

“டாக்டர், இது அவர் பேச்சே இல்ல,” என்றார் மனைவி. “நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் ரொம்ப சந்தோஷம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கல்யாணத்தன்னைக்கே சொல்லல. பாருங்க, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருக்கார். வேண்டாம்னு அர்த்தம்.”

“கண்ணுல தூசி விழுந்தாலும் மூடத்தான்மா செய்வாங்க. அதெல்லாம் ஆதாரம் ஆகாது. மெஷின் சொல்றதுதான் கணக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வயரக்காவுக்குச் சுருக்கென்றது. பட்டியலைத் திறந்து பார்த்தாள். வணக்கம், நன்றி, நலம், தண்ணீர், டாக்டர் நல்லவர்... கடைசிவரை தேடியும் வேண்டாம் இல்லை. பழைய கடிதக் கோப்பில் காரணம் இருந்தது: எதிர்மறைச் சொற்கள் பார்வையாளர்களைச் சோர்வடையச் செய்யுமாம்! இத்தனை நாளும் அந்த மனுஷன் வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் கத்தியிருக்கிறார். மெஷின் கிட்டத்தில் கிடந்த சந்தோஷத்தை எடுத்து நீட்டியிருக்கிறது. அவரை ஊமையாக்கியது பக்கவாதம் பாதி, நாம் பாதி என்று நினைத்தபோது வயரக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுச் சொல் ஒன்றைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள, ஐயா அதை நூறு தடவையாவது சொல்ல முயல வேண்டும். டைரக்டர் சாப்பிடப் போகிற நேரம்தான் கிடைத்தது. கேள்வி கேட்கும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டார்.

“ஏங்க, உங்க தம்பி நம்ம வீட்ல வந்து ஒரு மாசம் தங்கறேங்கறாரு. வரச் சொல்லட்டா?”

அலை எழும்பியது.

“ஹாலுக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடிச்சிரலாமா?”

இன்னும் எழும்பியது.

“எதிர்வீட்டுக்காரர் ஒரே பிளக்ல ஃபிரிட்ஜ், ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மூணையும் மாட்டியிருக்காரு. நாமளும் அப்படியே மாட்டிரலாமா?”

அலை திரையைவிட்டே வெளியே போய்விட்டது. “அம்மா, போதும்மா, பாவம்!” என்று வயரக்கா சிரித்தாள். ஆனால் வியாழக்கிழமைக்குள் நூற்றுப்பத்து தேறிவிட்டது.

வெள்ளிக்கிழமை கமிட்டி மூன்று பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டைரக்டர் புதுச் சட்டையில் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

“வேண்டாம்,” என்றது செய்தி வாசிப்பவர் குரல்.

டைரக்டர் மெதுவாகத் திரும்பினார். “இந்த வார்த்தை எப்படி உள்ள வந்துச்சு?”

“நான்தான் சேத்தேன் சார்.”

“யாரைக் கேட்டு?”

“இன்ஸ்பெக்டர் ஐயாவைக் கேட்டுத்தான் சார்.”

டைரக்டர் கமிட்டியைப் பார்த்துச் சிரித்தார். “ஒண்ணுமில்ல. நூத்துக்குத் தொண்ணூத்திநாலு சரியா வரும். இது மிச்ச ஆறுல ஒண்ணு.” மறுபடி கேட்டார். வேண்டாம். “இது ரெண்டாவது.” மறுபடி கேட்டார். வேண்டாம்.

“மிச்சம் மூணும் வந்த பிறகு ஒத்துக்குவீங்களா டாக்டர்?” என்று கேட்டார் கமிட்டித் தலைவி.

டைரக்டருக்கு முகம் சிவந்தது. “புது வார்த்தை மெஷின்ல ஒட்டிக்கிச்சு மேடம். இனி எதைக் கேட்டாலும் அதேதான் வரும். வேணும்னா நீங்களே வேற ஏதாவது கேட்டுப் பாருங்க.”

தலைவி ஐயாவின் மனைவியைப் பார்த்து, “நீங்களே கேளுங்கம்மா,” என்றார்.

மனைவி கட்டிலருகே வந்தார். வயரக்கா திரையையே பார்த்தாள். எதற்கும் வேண்டாம் சொல்லியே பழகிய மனுஷன். இப்போதும் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொண்ணூத்திநாலு ஜெயித்துவிடுவார். அப்புறம் இன்னும் ஒரு வருஷம் இந்தக் கட்டில்தான்.

“ஏங்க,” என்றார் மனைவி, “நம்ம வீட்டுக்குப் போலாமா?”

ஐயா கண்ணை மூடவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அலை எழும்பி அடங்கியது.

“ரொம்ப சந்தோஷம்.”

தலைவி பேனாவை மூடி, அனுமதிப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே டைரக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். கேபிளைக் கழற்ற வயரக்கா ஐயாவின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். மனைவி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இரும்மா,” என்றார், கன்னத்தைத் துடைத்துக்கொள்ளாமலே. “இன்னொரு தடவை கேட்டுக்கறேன்.”