பக்கம் புரள்வதற்கு முன்பே

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. எழுதாதே என்று சொன்னவள் மட்டும் ஒருத்தி இருக்கிறாள், என் அக்கா. கதையே அவளுடையது என்பதால் அவள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து நான்கு நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் அவளே போன் செய்தாள்.

"எழுதித் தொலை. ஆனா என்னை அழ வெக்காத. நான் அழல."

இது லேசுப்பட்ட நிபந்தனை இல்லை. நாலு வயதுப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை, தாய் அலுவலகப் படிகளை ஏறி இறங்குகிறாள் என்றால் எந்த எழுத்தாளனுக்கும் கை தானாகக் கண்ணீர்ப் பக்கம்தான் போகும். என் கையும் போனது. நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த நீண்ட நடைவழியின் கடைசியில் ஒரு தாய்..."

[மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நடைவழியும் நீளமில்லை, எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: "அவளுடைய உலகம் அன்று..."

[உலகத்தில் ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் நான் உருப்படியாக முடித்ததில்லை. அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: "அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்." இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனை பிரேமை மாட்டி, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று காலை முதல் மாலை வரை கேட்பாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் அவருக்குச் சாலைதான் வீடு. இவர்களுக்கு ஒரே மகள். எங்கள் எல்லோருக்கும் அவள் வாண்டு.

வாண்டு, வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு வாரியாக அடுக்குவாள். கீழே விழுந்த கடுகளவு திருகாணியையும் கண்டுபிடித்துக் கொடுப்பாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தாகம் எடுத்தால் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்கு இழுத்துப் போவாளே தவிர, வாய் திறந்து கேட்க மாட்டாள். மழலையர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் பாட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

பள்ளி ஆசிரியைதான் அக்காவிடம் பேச்சை எடுத்தார். சிறப்புக் கல்வி அலுவலகத்தில் மதிப்பீடு செய்வார்கள், தேவை என்று தெரிந்தால் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சியும் வகுப்பில் கூடவே இருக்க ஓர் உதவியாளரும் தருவார்கள், பெரிய பள்ளிக்குப் போக இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது, இப்போதே ஆரம்பித்தால்தான் அங்கே பிள்ளை தொலைந்துபோகாமல் இருப்பாள் என்றார். அக்கா அன்றே படிவம் வாங்கினாள். நான்கு மாதம், திங்கட்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கடைசியில் இரண்டு தேதிகள் கிடைத்தன. முதல் தேதி சும்மா முகம் பார்க்க, இரண்டாவது தேதி மதிப்பீட்டுக்கு.

முதல் தேதியன்று அக்காவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. வாண்டுவை அவள் அப்பா அழைத்துப் போனார். (இந்த வாக்கியத்தால் பின்னால் ஒரு தகராறு வரப்போகிறது.)

இரண்டாம் தேதியன்று அக்காவே போனாள். மதிப்பீட்டாளர் அம்மாளின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வழுக்கி வந்தது. அதை வாங்கி ஒரு திருகு திருகிக் கொடுக்கலாமா என்று அக்காவுக்குக் கை பரபரத்ததாம். அந்த அம்மாள் ஒரு படப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்கு ஒரு படம், மொத்தம் இருபது.

"பந்து" என்றாள் வாண்டு. "குடை. சாவி. வாளி."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நாள் முழுக்க நான்கு சொல் வந்தாலே பெரிது. இங்கே மணி மணியாகக் கொட்டுகிறது. ஒன்பதாவது படத்தில்தான் கவனித்தாள்: பக்கம் புரள்வதற்கு முன்பே வாண்டு அடுத்த படத்தின் பெயரைச் சொல்கிறாள்.

இது அக்காவுக்குப் பழகிய விஷயம். லைசென்சுக்காகக் கண் பரிசோதனைக்கு வருகிற ஓட்டுநர்களில் சிலர், சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். இவள் குச்சியை நகர்த்துவதற்குள் அடுத்த வரியைப் படித்துவிடுவார்கள். "கண்ணை மூடிக்கிட்டே படிச்சிடுவீங்க போலிருக்கே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அன்று வாயைத் திறக்கவில்லை.

[இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு விவரமானவள் சும்மா இருப்பாளா? போன் போட்டுக் கேட்டேன்.

"அவ வாயிலேர்ந்து அத்தனை வார்த்தை ஒண்ணா வந்து நான் கேட்டதே இல்லடா. இன்னும் ரெண்டு வரட்டும், இன்னும் ரெண்டு வரட்டும்னு இருந்துட்டேன்."

இதற்கு மேல் ஒரு பாத்திரத்திடம் என்ன கேட்பது?]

பத்து நாளில் கடிதம் வந்தது. வாண்டு, உதவி கிடைப்பதற்கான எல்லைக் கோட்டுக்கு மேலே இரண்டு மதிப்பெண். "தற்போது சேவைகள் தேவைப்படவில்லை."

4

முதல் மூன்று வரைவுகளில், வாண்டுவுக்குப் படங்களை மனப்பாடம் செய்வித்தவர் அவள் அப்பா. ஊரில் இல்லாதவர் தலையில் எதையும் கட்டலாம் அல்லவா? மூன்றாவது வரைவை அக்கா படித்தாள்.

"என் புருஷனை ஏன்டா இழுத்த? அந்த மனுஷன் அன்னிக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி டயர் மாத்திட்டிருந்தாரு. உன்னை எழுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். முதல் தேதியன்று வாண்டுவை அழைத்துப் போனவன் நான். அவளுடைய தாய்மாமன். மதிப்பீட்டாளர் ஏதோ படிவம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். மேசை மேல் படப் புத்தகம் இருந்தது, என் சட்டைப் பையில் போன் இருந்தது. இருபது பக்கத்தையும் படம் பிடித்துவிட்டேன். பிறகு மூன்று வாரம், அக்கா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு படத்துக்கு ஒரு பிஸ்கட் என்று பயிற்சி கொடுத்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டால்: எங்கள் வீட்டில் மதிப்பெண் என்று ஒன்று இருந்தால் அது பரீட்சை. பரீட்சை என்றால் உருப்போட வேண்டும். நானும் அக்காவும் அப்படித்தான் வளர்ந்தோம். தோற்றால்தான் உதவி கிடைக்கும் என்று ஒரு பரீட்சை உலகத்தில் இருக்கும் என்பதே எனக்கு...*

* [இந்த வாக்கியத்தை முடித்தால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும். விட்டுவிடுகிறேன். பரீட்சை என்று நான் நினைத்ததே தப்பு.]

கடிதம் வந்த அன்று அக்கா போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை நாளாகச் சொல்லிக் கொடுத்தாய்? திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

5

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: முப்பது நாளுக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மனுவை நான் எழுதுகிறேன், வாயைத் திறந்து சொல்ல வேண்டியவன் நீ என்றாள் அக்கா. முழங்கால் இடிக்கிற அந்த நடைவழியில் இருவரும் காத்திருந்தோம். நான் அழகாக ஒரு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் வந்தது இவ்வளவுதான்:

"போட்டோ எடுத்தேன் மேடம். சொல்லிக் கொடுத்தேன்."

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். இந்தப் புத்தகத்தை இனிமேல் இந்தக் குழந்தைக்குப் பயன்படுத்தவே முடியாது, தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் உறைக்கிற மாதிரியே கேட்டார். எனக்கு அது வேண்டியதுதான். பிறகு ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார்.

"இருபதையும் எத்தனை நாள்ல கத்துக்கிட்டா?"

"மூணு வாரம்."

"வரிசை மாத்திக் கேட்டீங்களா?"

மாற்றிக் கேட்டால் சொல்ல மாட்டாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். படமும் வரிசையும் இருந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள், சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இது உதவும் என்றார். அதற்குள் அக்கா அந்தக் கண்ணாடியை எடுத்துத் திருகி முடித்திருந்தாள்.

அடுத்த வாரம் அவர் மழலையர் பள்ளிக்கே வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தார். வேறொரு புத்தகத்தையும் காட்டினார்.

அக்கா போன் செய்தாள். "இருபதுக்கு மூணுடா" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. எங்கள் குடும்பத்தில் இருபதுக்கு மூன்று வாங்கியதற்கு ஒருவர் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பயிற்சி கிடைத்தது, உதவியாளரும் கிடைத்தார்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: பயிற்சிக்கு அனுமதி தந்த கடிதத்தைப் படித்த அக்கா அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பி, "இப்போ தெளிவா இருக்கா?" என்று... [வேண்டாம். ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.]

இரண்டாம் முடிவு: ஒரு வருடம் கழித்து வாண்டு என்னைப் பார்த்து "மாமா" என்கிறாள். பத்திரிகையில் இருக்கும் நண்பனுக்கு இது ரொம்பப் பிடித்தது. நிஜத்தைச் சொன்னால் எனக்கும் பிடித்தது. அக்காதான் சம்மதிக்கவில்லை.

"அவ பேசினாத்தான் கதை முடியுமா? அப்போ இப்ப இருக்கிறது யாரு?"

அதையும் அடித்துவிட்டேன்.

7

எனவே முடிவில்லாமல் இங்கே கொண்டுவந்து விடுகிறேன். செவ்வாய்க்கிழமை, முதல் பயிற்சி. வீட்டிலிருந்து ஒருவர் பின்னால் உட்காரலாம். அக்கா வேண்டுமென்றே என்னை அனுப்பியிருக்கிறாள். சின்ன அறை, தரையில் நீலப் பாய். பேச்சுப் பயிற்சியாளர் ஓர் அட்டையை எடுத்து வாண்டுவின் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

வாண்டு அட்டையைப் பார்க்கிறாள். திரும்பி என்னைப் பார்க்கிறாள். பிஸ்கட் கொடுத்த கை அல்லவா. எனக்கு விடை தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் மறுபடியும் அட்டையைப் பார்க்கிறாள், இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம்.

அட்டையில் என்ன படம் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அவள் யோசிக்கிறாள். கொஞ்சம் சும்மா இருங்கள்.