சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒரு காகிதம்

...கறுக்கவில்லை, அவ்வளவுதான், ஒரு விரல் நீளக் காகிதம் கறுக்க வேண்டிய நேரத்தில் கறுக்கவில்லை, அதற்காக ஒரு ஆபரேஷன் தியேட்டரே முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்று வீட்டில் போய்ச் சொன்னால் நம்புவார்களா, என்று நினைத்தபடி அவள் பேருந்தின் ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் எதிர் இருக்கையின் முதுகில் விழுந்து விழுந்து நகர்ந்தது. முடிந்துவிட்டது. நல்லபடியாகவே முடிந்துவிட்டது. தியேட்டர் நர்ஸ் போனில் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். "அந்தப் பேஷண்டம்மா கண்ணு முழிச்சாச்சு, தண்ணி கேக்கறாங்க. நீங்க போய் மொதல்ல சாப்பிடுங்க." தண்ணி கேக்கறாங்க... ஒரு ஆள் தண்ணீர் கேட்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே.

ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் மூட்டையாகக் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றிக் கிருமி நீக்கி மேலே அனுப்புகிற அறைக்கு அவள் பொறுப்பாளராகி ஆறு வாரம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை, ஒரு பக்கம் சலவை, ஒரு பக்கம் கேண்டீன் பாத்திரம் கழுவுகிற சத்தம். இயந்திரம் ஓடுகிற ஒவ்வொரு நடைக்கும் மூட்டைகளோடு ஒரு சோதனைப் பட்டை உள்ளே போகும், நீராவி உண்மையிலேயே உள்ளே வரைக்கும் போயிருந்தால் அது கறுக்கும், கறுத்ததைப் பொறுப்பாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூட்டை மேலே போக வேண்டும். எழுதி வைத்த விதி அது. நடந்தது வேறு. காலையில் வந்ததும் எட்டு நடைக்கும் எட்டுக் கையெழுத்தைப் பதிவேட்டில் ஒரே மூச்சில் போட்டுவிடுவாள், பட்டைகளைச் சாயங்காலம் மொத்தமாக ஒட்டிக்கொள்வார்கள், நடுவில் மூட்டைகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். பதினோரு வருஷமாக அவள் பார்த்த ஒவ்வொரு பட்டையும் கறுத்துத்தான் இருந்தது... எப்போதும் கறுத்தே இருப்பதை எதற்காக நின்று பார்ப்பார்கள்?

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது டப்பாவின் மூடி மேல் அது கிடந்தது. வெளிறிய மஞ்சள். திருப்பிப் பார்த்தால் பின்னால் பென்சிலில் மூன்றாம் இயந்திரம், இரண்டாம் நடை. இரண்டாம் நடை எப்போதோ மேலே போயிருக்கும், அவள் கையெழுத்தோடு. போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு மூன்று விநாடி இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. அந்த மூன்று விநாடியில் அவள் மேஜை இழுப்பறையைப் பார்த்தாள். காகிதம் சின்னது, இழுப்பறை பெரியது. ஒன்றும் ஆகாது, நூற்றில் தொண்ணூறு தடவை ஒன்றும் ஆகாது, அப்படியே ஏதாவது ஆனாலும் அது எந்த மூட்டையால் என்று யார் கண்டுபிடிப்பார்கள்... தைரியம் என்பது பெரிதாக ஏதோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வது என்று நினைத்திருந்தாளே, அது இப்படி இழுப்பறையைப் பார்த்துக்கொண்டா வரும்? தியேட்டர் நர்ஸைப் போனில் கூப்பிட்டாள். "ரெண்டாவது செட்டைத் தொடாதீங்க." "தொட்டாச்சுக்கா, மேஜையில விரிச்சாச்சு, பேஷண்டு மயக்கத்துல இருக்காங்க." "கத்தி வெச்சாச்சா?" "இன்னும் இல்ல." "அப்ப வைக்க வேணாம்." அங்கே ஏதோ சலசலப்பு, பிறகு ஆஸ்பத்திரி முழுக்க இடி என்று பெயரெடுத்த சர்ஜனின் குரல். "யாரு நிறுத்தச் சொன்னது?" "நான்தான் சார்." "நான்னா யாரு?" அவள் சொன்னாள், பதவியையும் சேர்த்துச் சொன்னாள், அந்தப் பதவியை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நேற்றைய மூட்டைகளில் ஒன்றை எடுத்து, அதன் பட்டையை இரண்டு தடவை பார்த்து, கறுப்பு, நல்ல கறுப்பு, லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடியும் அவளே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சூப்பரின்டெண்டென்ட் கூப்பிட்டனுப்பினார், அவர் அறைக்குப் போகிற வழியில் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. மெஷின் கோளாறு சார், என்பது ஒன்று. பொய்யும் இல்லை, போதுமானதும்கூட. ஆனால் பதிவேடு அக்குளில் இருந்தது, அதில் இன்றைக்கு இன்னும் ஓடாத நடைகளுக்குக்கூட அவள் கையெழுத்து அழகாக உட்கார்ந்திருந்தது. "மெஷின் கெட்டது வாஸ்தவம் சார். ஆனா அது எனக்குத் தெரியாமப் போனதுக்கு மெஷின் காரணமில்ல. காலையிலயே எட்டும் போட்டுட்டேன்." அவர் பக்கங்களைத் திருப்பினார், மெதுவாக, ஒவ்வொன்றாக. "எத்தனை நாளா இந்த வழக்கம்?" முன்னால் இருந்தவரின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான் வந்ததுலேர்ந்து சார்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாள், கண்ணாடியைக் கழற்றினாலே அப்படித்தான் என்று கேண்டீனில் சொல்வார்கள். "நடந்ததை நாளைக்கு எழுதிக் குடுங்க. இனிமே எப்படிச் செய்யணும்னும் நீங்களே எழுதுங்க." "நானேவா சார்?" "பின்னே? எங்க ஓட்டைன்னு இப்ப உங்களுக்குத்தானே தெரியும்." வெளியே வந்தால் வராந்தாவில் இடி நின்றுகொண்டிருந்தார். "உங்களைத் திட்டறதா, நன்றி சொல்றதான்னு தெரியலம்மா. மொதல்ல திட்டிடறேன், அது பழக்கம்." நிஜமாகவே திட்டினார், இரண்டு நிமிஷம். நன்றி வருவதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கணவனிடமிருந்து சோப்புத் தூள் வாங்கி வா என்று செய்தி, இன்றைக்கு அவன் என்ன கேட்டாலும் வாங்கிப் போகலாம் போலிருந்தது. பசித்தது, நல்ல பசி, டப்பாவைத் திறக்கவே இல்லையே... பையைத் திறந்து டப்பாவைத் தொட்டபோதுதான், கை அப்படியே நின்றது. பட்டை எப்படி டப்பா மேல் வந்தது? பட்டைகள் கிடப்பது இயந்திரம் ஓட்டுகிற மாமாவின் மேஜையில், எவர்சில்வர் தட்டில். டப்பா இருப்பது அவளுடைய அறையில். காகிதம் தானாக நடந்து வருமா? மாமா என்றால் உறவில்லை, இருபத்தாறு வருஷமாக அங்கே இருப்பதால் எல்லோருக்கும் மாமா. அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், பதவி வந்த மறுநாளே மேடம் ஆக்கிவிட்டார். பதினொன்றே முக்கால் இருக்கும், துணி சப்ளைக்காரரோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், வாசலில் மாமா வந்து நின்றார், அவள் கையைத் தூக்கி, அப்புறம், என்று காட்டினாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் உள்ளே வந்து என்னவோ வைத்துவிட்டுப் போனார்... ஏன் சொல்லவில்லை? போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதுதானே? பொறுப்பாளரான இரண்டாவது வாரம், எல்லோரும் இருந்தபோது, "மேடம், மூணாம் மெஷின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு," என்றார். "மெஷினுக்கு ஒண்ணுமில்ல மாமா, உங்க காதை டாக்டர்கிட்ட காட்டுங்க மொதல்ல," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். தன் பேச்சுக்குச் சிரிக்கிறார்களே என்று அன்றைக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது... மாமாவும் சிரித்தார். சிரித்தாரா?

நிறுத்தம் வந்தது, இறங்கினாள். கடை எதிரில்தான், சோப்புத் தூள் வாங்காமல் ஓரமாக நின்று போனை எடுத்தாள். மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பிப்பதா, நீங்கதான் வெச்சீங்களா என்று கேட்பதா... மணி போய்க்கொண்டே இருந்தது. "சொல்லுங்க மேடம்." "மாமா, அந்த மூணாம் மெஷின்... சத்தம் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே. எப்படி இருந்துச்சு?" "இப்பவா மேடம்? போன்லயா?" "ஆமா மாமா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்னால் யாரோ, பேரப்பிள்ளையாக இருக்கும், சிரிக்கிற சத்தம். "நல்லா ஓடறப்ப ஸ்ஸ்ஸ்னு ஒரே இழுப்பா வரும். இப்ப என்னன்னா, ஸ்ஸ்... க்... ஸ்ஸ்... இப்படி நடுவுல விக்குது." "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள், மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டு. அவர் மறுபடி செய்து காட்டினார், இந்தத் தடவை கூச்சமில்லாமல், நன்றாக நீட்டி. தெருவில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அந்த விக்கல் புதிதாக இல்லை. பதிவேட்டோடு மூன்றாம் இயந்திரத்தைக் கடந்து தன் அறைக்குப் போகிறபோதெல்லாம் அது அவள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது... எத்தனை நாளாக?