என் உடம்பு தம்பியைப் பொறுத்துக்கொண்ட கதை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடித்துச் சத்தியம் செய்ய வேறு தலை அகப்படாததால் என் தலையிலேயே கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், அச்சில் தெரியாது.

கதை ஒரு சொல்லில் பிறந்தது. என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபின், தம்பி தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். டாக்டரம்மா விளக்கினார்:

"கிட்னியோட தம்பியோட எலும்பு மஜ்ஜை அணுக்களையும் ஏத்துவோம். அதுங்க உள்ள குடியேறிட்டா, உங்க உடம்பு அவரை வேத்தாளா நினைக்காது. அப்புறம் மாத்திரையையே நிறுத்திடலாம். உங்க உடம்பு தம்பியைப் பொறுத்துக்கணும், அவ்வளவுதான்."

தம்பி சிரித்தான். "நடக்காது டாக்டர். நான் டீ உறிஞ்சுற சத்தத்தையே அண்ணன் பொறுத்துக்க மாட்டாரு."

"நீ எங்கடா உறிஞ்சுற? மோட்டார் போட்டு இறைக்கிற."

2

இந்தப் பகுதியை முதலில் இப்படித் தொடங்கினேன்: அறுவை அறையின் விளக்குகள் ஆயிரம் சூரியன்களாக—

(அடித்துவிட்டேன். நான்கு விளக்குகள்தான். அதில் ஒன்று எரியவில்லை.)

சிறுநீரகம் வேலை செய்தது. மஜ்ஜை குடியேறியது. ஒருநாள் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். தூக்கத்தில் என்னை நானே 'அண்ணே' என்று கூப்பிட்டேன். [நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். அங்கே இதைவிட மோசம்.]

மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நின்றன. காலி டப்பாவைத் தம்பி குப்பைக் கூடையில் போட்டான்.

"பாத்தீங்களாண்ணே, பொறுத்துக்கிட்டீங்க!"

3

இங்கேதான் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தம்பியைச் சொல்லவில்லை, அந்த உடம்பைச் சொல்கிறேன். அதை நல்லதாகவே எழுதிக்கொண்டு வந்தேன். அது சும்மா தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விழித்ததும் உள்ளே இருப்பவன் யார் என்று பார்த்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் மோசமாயின. மறுபடி மாத்திரைகள், பெரிய ஊசிகள். உடம்பின் கோபத்தை அடக்கினார்கள். கோபமே இல்லாத உடம்பில், நுரையீரல் வழியாகக் கிருமி நுழைந்தது.

தம்பி கட்டிலருகே நின்று கேட்டான்: "உங்க உடம்புக்கு நான் என்னண்ணே பண்ணேன்?"

"நானும் சொல்லிப் பாத்தேன்டா. அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

முடிவு (அ): பிழைத்தேன். எழுதிப் பார்த்தேன். பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

முடிவு (ஆ): செத்துப்போனேன். இதுதான் நடந்தது. செத்தவன் எப்படி ஐயா எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைவிட நல்ல முடிவு உங்கள் கையில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். அதற்கு முன் ஒரு தகவல்.

சிறுநீரகத்தைக் கொடுத்தவன் நான்.