மூன்று ஸ்டேஷன்களுக்கு ஆறு செட்

“மூச்சுக் கருவிகள் நிலையத்தில் இருந்தும் அவற்றை அணியாமல் புகைக்குள் நுழைந்தது ஏன் என்பதற்கு உடனே எழுத்து மூலம் விளக்கம் தரவும்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து டிரைவர் அந்த மெமோவை இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்காமல் ஆத்திரத்தோடு மடித்துப் பையில் திணித்தார். கட்டிலில் கிடந்தது அவருடைய தம்பி, மார்க்கெட் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். பெயிண்ட் கிடங்கு எரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட காவலாளியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன். காவலாளி பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியின் நுரையீரல்தான் புகையில் வெந்து போனது. பேச்சு வெறும் காற்றாக வருகிறது. அந்தக் காற்றை வைத்துக்கொண்டு அவன் விளக்கம் சொல்ல வேண்டுமாம்!

“ஆறு செட் இருந்துச்சாமே அண்ணா?” தம்பி சிரிக்கப் பார்த்து இருமினான். “என் கண்ணுல ஒண்ணுகூட படலையே.”

“நீ பேசாம படுடா.”

“வேலை போயிடுமா?”

போய்விடும். விதியை மீறிய காயம் என்று எழுதிவிட்டால் வைத்தியத்தையும் துறை கை கழுவிவிடும். டிரைவர் போர்வையை இழுத்து விட்டுவிட்டு வெளியே வந்தார்.

அந்த ஆறு செட் எங்கே இருந்தது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அவர் ஓட்டும் துறை ஸ்டோர் வேனில் இருந்தது.

முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் முகமூடியும் சேர்ந்தது ஒரு செட். ஒரு ஸ்டேஷனுக்கு ஆறு என்று மூன்று ஸ்டேஷன்களுக்கும் கம்ப்யூட்டரில் பதிவு இருக்கிறது. உண்மையில் மூன்றுக்கும் சேர்த்தே உருப்படியாக இருப்பது ஆறுதான். மற்றவை பழுதாகி, ரிப்பேருக்குப் போய், போன இடத்திலேயே மக்கிவிட்டன. பழுதானதைப் பதிவிலிருந்து கழிக்க வேண்டுமானால் பத்து மேஜைக்குக் காகிதம் போக வேண்டும். ஒவ்வொரு மேஜையும் ‘யார் கெடுத்தது?’ என்று கேட்கும். அதனால் ஸ்டோர் தலைவர் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். வருஷக் கணக்கெடுப்பு அன்று ஆறு செட்டையும் முதல் ஸ்டேஷனில் அடுக்குவார்கள். கணக்கெடுக்கும் அதிகாரி ஒவ்வொன்றிலும் தொங்கும் எண் தகட்டில் ஸ்கேனர் கருவியைக் காட்டுவார். அது ‘பீப்’ என்று ஒத்துக்கொள்ளும். அவருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அதே ஆறு செட்டையும் பின்பக்கமாக வேனில் ஏற்றுவார்கள். போகிற வழியில் சந்தில் வண்டியை நிறுத்தி, தகடுகளைக் கழற்றி அடுத்த ஸ்டேஷன் தகடுகளைக் கட்ட வேண்டும். கம்பியில் கட்டியதுதானே, ஒரு கட்டிங் பிளேயர் போதும்.

முதல் வருஷம் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு தடவை ஆறும் இருப்பதாகப் பதிவாகிவிட்டால், புதுசு வாங்கக் கேட்கிறபோது ‘அதுதான் முழுசா இருக்கே’ என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பும். புதுசு வராததால் அடுத்த வருஷமும் வேன் ஓட வேண்டும். இப்படியே ஓடி ஓடி, இல்லாத பொருளைக் காப்பாற்றுவதே ஸ்டோரின் முக்கிய வேலையாகிவிட்டது. எண்ணினால் போதும், பார்க்க வேண்டியதில்லை என்று இருக்கிற இடத்தில் வேறென்ன விளையும்?

அந்த ஸ்டோர் தலைவர் டிரைவரின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். டிரைவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். தம்பியின் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தார். பிறகு செருமிக்கொண்டார்.

“மாப்ளே, நாளைக்கு மறு கணக்கெடுப்பாம். விபத்து நடந்ததால நேர்ல சரிபாக்கச் சொல்லியிருக்காங்க. காலையில வண்டியை ரெடி பண்ணிடு.”

டிரைவர் விருட்டென்று எழுந்தார்.

“திரும்பவுமா மச்சான்?”

“வேற வழி? குறையுதுன்னு தெரிஞ்சா என் கழுத்துக்குத்தான் கத்தி.”

“நாளைக்கும் ஆறுன்னு பதிவானா என் தம்பி கதை முடிஞ்சுது. ஆறு இருந்தும் இவன் திமிர்ல மாட்டாம போனான்னு எழுதிடுவாங்க. தெரியுதா உங்களுக்கு?”

“அவன் சின்னப் பையன், வேற வேலை தேடிக்குவான். நான் ரிட்டயர் ஆகுற நேரம். கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

அனுசரிப்பதாம்! நுரையீரல் வெந்தவன் வேறு வேலை தேடிக்கொள்வானாம்! டிரைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறந்தால் உறவே முறிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி வந்து நின்றாள்.

“அண்ணா, என் கொழுந்தன் உள்ள போறப்போ அவன் முதுகுல மாட்ட வேண்டியது எங்க இருந்துச்சு?”

“அது ஆபீஸ் விஷயம்மா. உனக்குப் புரியாது.”

“புரியாமலா கேக்குறேன்? ரெண்டு வாரமா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போறவ நான்.”

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, “காலையில லேட் பண்ணிடாதே மாப்ளே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் லேட் பண்ணவில்லை. மறுநாள் முதல் ஸ்டேஷனில் ஆறு செட்டையும் அவரே துடைத்து வரிசையாக வைத்தார். போன தடவை வந்த அதே பெண் அதிகாரி வந்தார். ஆறு பீப் கேட்டது. மச்சான் பல்லை இளித்துக்கொண்டு அவரை டீக்கு அழைத்துப் போனார். டிரைவர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார். ஆனால் பின்பக்கமாகக் கிளம்பாமல் வண்டியை நேராக வாசலுக்குக் கொண்டுவந்து, ஆபீஸ் அறைக்குள் தலையை நீட்டினார்.

“மேடம், மார்க்கெட் ஸ்டேஷனுக்குத்தானே? நானும் அங்கதான் போறேன். ஏறிக்குங்க.”

“மேடத்துக்குத் தனியா கார் இருக்குப்பா!” என்று மச்சான் பாய்ந்து வந்தார்.

“பரவாயில்லை, ஒரே வழிதானே” என்று அந்த அம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். மச்சானின் முகத்தை டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க்கெட் ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்து, அதிகாரியின் கண் முன்னாலேயே முதல் சிலிண்டரின் தகட்டுக் கம்பியை வெட்டினார். பையிலிருந்து மார்க்கெட் ஸ்டேஷன் தகட்டை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க நீங்க?”

“தகடு மாத்துறேன் மேடம். இப்ப நீங்க இதுல காட்டினா, இந்த ஸ்டேஷன் செட்டுன்னு பீப் அடிக்கும். காட்டிப் பாருங்க.”

அந்த அம்மா காட்டினார். பீப் அடித்தது. கருவியையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு நான் எண்ணினதும்...” என்று இழுத்தார்.

“இதே ஆறுதான். மொத்தமே இவ்வளவுதான் மேடம். அன்னிக்கு இங்க எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு மூணாவது ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். பாதி வழியில பின்னால மணிச் சத்தம். கண்ணாடியில பாத்தா, பெயிண்ட் கிடங்குத் தீக்குப் போற என் தம்பியோட வண்டி.” டிரைவர் பிளேயரைக் கீழே வைத்தார். “பின்னாலயே போயிருக்கலாம். கணக்குக்கு லேட்டாயிடும்னு போகல. ஓரமா ஒதுங்கி வழி விட்டேன். என்னைத் தாண்டுறப்போ அவன் கையைக் காட்டிட்டுப் போனான்.”

பிறகு, பையிலிருந்த மீதித் தகடுகளை எடுத்து அந்த அம்மாவின் கையில் திணித்தார்.

“மெமோவை என் பேருக்கு மாத்தி எழுதுங்க, மேடம்.”